மனசு சரியில்லையா, இடம் சரியில்லையா?

(போடிநாயக்கனூரில் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில், கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கும் பெண் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, தம்பிகளே, தங்கச்சிகளே, மலையில காய் எடுப்பு முடிச்சு ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமாரே!

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லுறவங்களைப் பத்திப் பேசணும்னு கேட்டுக்கிட்டாங்க. இதைக் கேட்டதும் ஒரு மூத்த தோழர் என்கிட்ட சொன்னார்: "இதெல்லாம் காசுள்ளவன் சமாச்சாரம்மா. நம்ம பிள்ளைகளுக்கு வேண்டியது ஸ்காலர்ஷிப். மனசாம், நலமாம்." அவர் இங்கதான் உட்கார்ந்திருக்கார். அவர் சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் நான் வந்திருக்கேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். இந்த மலையடிவாரத்துல ஒரு காலனியில பொறந்தவ நான். காலனிங்கிற சொல்லை அரசு ஆவணங்கள்ல இருந்து எடுக்கப்போறோம்னு 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. சொல் போகட்டும், நல்லதுதான். நான் வளர்ந்தது அந்தச் சொல்லுக்குள்ளதான். எங்கம்மா இருட்டோட எந்திரிச்சுத் தூக்குச்சட்டியில சோத்தைப் போட்டுக்கிட்டு ஜீப்புக்கு ஓடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துல நாளெல்லாம் குனிஞ்சு காய் எடுத்துட்டு, இருட்டுல திரும்பி வரும். எங்கப்பா மருந்தடிப்பு. அப்படிப்பட்ட வீட்டுல இருந்து சமூகப்பணி படிச்சு, இன்னிக்கு ஒரு கல்லூரியில 'ஸ்டூடன்ட் கவுன்சிலர்'னு பலகை மாட்டின ரூம்ல உட்கார்ந்திருக்கேன். கல்லூரி பேரு வேண்டாம். ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் கையெழுத்து.

அந்த ரூம்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

ஒரு பையன் வந்தான். நம்ம மலையடிவாரத்து ஊர்தான். அவங்க வீட்டுலயே முதல்ல கல்லூரிப் படி மிதிச்சவன். தூக்கம் வரலை, புத்தகத்தைத் திறந்தா எழுத்து ஓடுது, ரெண்டு பேப்பர் போச்சு, சாப்பாடு இறங்கலைன்னான். 'மேடம்'னுதான் கூப்பிட்டான். எங்களுக்கு ஒரு படிவம் உண்டு. கடந்த ரெண்டு வாரத்துல இப்படி இருந்துச்சா, அப்படி இருந்துச்சான்னு ஒன்பது கேள்வி. உலகம் பூரா இதைப் பயன்படுத்துறாங்க. பதிலுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினா மனச்சோர்வு எந்த அளவுன்னு தெரியும். நானும் போட்டேன். நடுத்தர அளவு. மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தேன். நேர அட்டவணை போட்டுக் குடுத்தேன். நல்லதையே நினைக்கச் சொன்னேன். நாலு தடவை வந்தான். அஞ்சாவது தடவை வரலை. மூணாவது செமஸ்டரோட படிப்பை விட்டுட்டான்.

கொஞ்ச மாசம் கழிச்சு இந்தப் போடியில ஜீப் நிக்கிற இடத்துல அவனைப் பார்த்தேன். மலைக்குப் போக நிக்கிறான். மருந்தடிக்கிற வேலை. அங்க வச்சு 'அக்கா'ன்னு கூப்பிட்டான். அப்பத்தான் எல்லாம் சொன்னான். லேப்ல யாரும் அவனோட சேர்றதில்லை. உதவித்தொகை வரலை, மெஸ்ஸுல பாக்கி. ஒவ்வொரு தடவையும் வகுப்புக்குள்ள வந்து "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க"ன்னு எந்திரிச்சு நிக்க வச்சுப் பேர் எடுக்குறது. அதுக்கப்புறம் பக்கத்துப் பெஞ்சுக்காரன் பேச்சை நிறுத்திட்டான். இதெல்லாம் ஏண்டா என்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க கேக்கலையேக்கா"ன்னான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "நீங்க சொன்ன மூச்சுப் பயிற்சியை மருந்தடிக்கிற அன்னிக்குச் செய்ய முடியாதுக்கா."

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கலை. ஒன்பது கேள்வி கேட்டேன். ஒன்பதுலயும் சாதி இல்லை. நான் சேரியில பொறந்தவ, என் வாயில இருந்தும் அந்தக் கேள்வி வரலை. ஏன்னா அந்த நாற்காலியில உட்கார்ந்தா அதைக் கேட்கக்கூடாதுன்னு எனக்குப் பழக்கியிருந்தாங்க. சாதியைக் கேட்டா பாரபட்சமாம். கேட்காம இருந்தா நடுநிலையாம். அந்த நடுநிலைக்கு ஒரு பையனோட படிப்பு போச்சு.

இது ஒரு பையன் கதைதான்னு விட்டுட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2014 முதல் 2021 வரை ஐஐடி, ஐஐஎம், மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் இறந்த மாணவர்கள் 122 பேர் என்று 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். அதில் 24 பேர் தாழ்த்தப்பட்டோர், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். ஒரு சாவுக்கு ஒரே காரணம் இருக்காதுங்கிறது என் தொழில் எனக்குச் சொல்லிக்குடுத்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனா ஒவ்வொரு சாவுக்கும் நிறுவனம் கண்டுபிடிக்கிற காரணம் மட்டும் எப்பவும் ஒண்ணாவே இருக்கே, அது எப்படி?

சேலம் மாவட்டத்துல இருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன செந்தில்குமாரை நினைச்சுப் பாருங்க. பன்றி வளர்க்குற குடும்பம். அந்தச் சாதியில இருந்து ஆராய்ச்சிக்குப் போறதுன்னா என்னன்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டி கிடைக்கலை, உதவித்தொகை நின்னுச்சு. 2008 பிப்ரவரியில விடுதியில செத்துப்போனார். எட்டு வருஷம் கழிச்சு அதே பல்கலைக்கழகத்துல 2016 ஜனவரி 17-ஆம் தேதி ரோஹித் வெமுலா. மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. விடுதியிலிருந்து அஞ்சு பேரை வெளியேத்தினாங்க. அந்த அஞ்சு பேரும் வளாகத்துக்குள்ளயே கூடாரம் போட்டு அதுக்கு 'வெலிவாடா'ன்னு பேர் வச்சாங்க. தெலுங்குல சேரின்னு அர்த்தம். மத்திய அரசு போட்ட ரூபன்வால் ஆணையம் கடைசியில் என்ன சொன்னது? பல்கலைக்கழகம் காரணமல்ல, தனிப்பட்ட விரக்திதான் காரணம் என்றது. 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் தர்ஷன் சோலங்கி. முதலாண்டு மாணவர். நிறுவனம் போட்ட விசாரணைக் குழு, சாதிப் பாகுபாட்டுக்கு நேரடி ஆதாரம் இல்லை, படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றது.

விரக்தி. பின்தங்கியது. பலவீனமான மனசு. கவனிங்க தோழர்களே, இதெல்லாம் உளவியல் வார்த்தைகள். போலீஸ்காரனும் துணைவேந்தரும் எங்க தொழில் வார்த்தையைத்தான் கடன் வாங்கிப் பேசுறாங்க. வெளியில நடந்த அநியாயத்தைத் தூக்கிச் செத்தவனோட மண்டைக்குள்ள வச்சுப் பூட்டிடறதுக்கு அந்த வார்த்தை வசதியா இருக்கு.

இது புதுசு இல்லை. 1851-ல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வெள்ளை மருத்துவர் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். கறுப்பின அடிமைகள் எஜமானை விட்டு ஓடிப்போவது ஒரு மனநோய் என்றார். அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். அடிமைத்தனம் நோயில்லை, ஓடுவது நோய். சாதிக் கல்லூரியில் தூக்கம் வராமல் தவிப்பவனுக்கு மட்டும் படிவம் நீட்டுகிற நாமும், அந்த மருத்துவர் நின்ற இடத்துக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறோம்?

அதே மருத்துவத்துக்குள்ள இருந்துதான் ஃபனானும் வந்தார். நம்ம பத்திரிகைகள்ல அடிக்கடி வர்ற பேருதான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் பிளீடா மனநல மருத்துவமனையில் 1953-லிருந்து வேலை பார்த்தார். 1956-ல் ராஜினாமா செய்தார். மனநல மருத்துவத்தின் வேலை, ஒரு மனிதன் தன் சூழலில் அந்நியனாக இல்லாமல் வாழ உதவுவது. சொந்த நாட்டிலேயே அந்நியனாக ஆக்கப்பட்டவனை அந்தச் சூழலோடு பொருந்திப் போகச் சொல்வது என்ன வைத்தியம் என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். ஆனா ஒண்ணை மறந்துடாதீங்க. ராஜினாமாவுக்கு முன்னாடி மூணு வருஷம் அவர் நோயாளிகளைப் பார்த்தார், வார்டை மாத்தினார். நோயே இல்லைன்னு அவர் சொல்லலை.

இங்கதான் நம்ம பக்கத்துத் தப்பைப் பேசணும். தோழர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

நம்ம இயக்கத்துக்குள்ள அழுறவனுக்கு இடமில்லை. "தைரியமா இரு", "போராடு", "அம்பேத்கர் பிள்ளை அழலாமா"ன்னு சொல்றோம். ராத்திரி தூங்க முடியாம இருக்கிறவனை மறுநாள் ஆர்ப்பாட்டத்துக்குக் கொடி பிடிக்கக் கூப்பிடுறோம். வராட்டி, அவனுக்கு உணர்வு இல்லைங்கிறோம். மாத்திரை சாப்பிடுறவனைப் பத்தி முதுகுக்குப் பின்னால பேசுறோம்.

அண்ணல் அழுதார் தோழர்களே. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். கண்டுபிடித்துக் கம்போடு வந்து நின்றார்கள். வெளியேற்றப்பட்டுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். 18 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காட்சி மங்கவில்லை, கண்ணீர் இல்லாமல் அதை நினைக்க முடியவில்லை என்று தானே எழுதி வைத்திருக்கிறார். அத்தனை பெரிய படிப்பாளி, அத்தனை பெரிய போராளி, தன் காயத்தை மறைக்கலை. எழுதினார், சாட்சியா வச்சார். அவர் அழுதது பலவீனமில்லைன்னா நம்ம தம்பி அழுறது எப்படிப் பலவீனமாகும்?

இந்த ஊரையே எடுத்துக்குவோம். 1989-ல், இது மதுரை மாவட்டமா இருந்தப்ப, போடியிலயும் மீனாட்சிபுரத்துலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் நடந்த சாதிக் கலவரம் இங்க இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும். உயிர் போச்சு, வீடு எரிஞ்சுச்சு. அன்னிக்கு அம்மா இடுப்புல உட்கார்ந்து ஓடின பிள்ளைகளுக்கு இன்னிக்கு நாற்பது வயசு ஆகுது. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கடற்கரையில மனநல ஆதரவு குடுக்கன்னே ஆட்களுக்குப் பயிற்சி குடுத்து அனுப்பினாங்க. சரியான வேலை. சாதிக் கலவரத்துல வீடு எரிஞ்ச பிள்ளை ராத்திரி அலறி எந்திரிச்சா என்ன செஞ்சோம்? கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனோம். கடல் அடிச்சா அதிர்ச்சி, சாதி அடிச்சா பழக்கம். இதுதான் இந்த நாட்டு மனநலக் கணக்கு.

கோடாங்கின்னதும் சிரிக்கிறீங்க. உடுக்கை அடிச்சுப் பேய் ஓட்டுறேன்னு பொம்பளைகளை அடிச்ச கொடுமையெல்லாம் எனக்கும் தெரியும், அதை நான் தாங்கிப் பேச வரலை. ஆனா ஒரு விஷயம். கோடாங்கி ஒத்தை ஆளை வச்சுப் பார்க்க மாட்டார். குடும்பமே வந்து உட்காரணும். யார் என்ன குறை வச்சீங்கன்னு சுத்தியிருக்கிறவங்களைக் கேட்பார். நம்ம கவுன்சிலிங் ரூம்ல ஒரே ஒரு நாற்காலி. அதுல பாதிக்கப்பட்டவன் மட்டும் உட்காரணும். பேர் எடுக்குற கிளார்க்கை, லேப்ல ஒதுக்குற பையனை, வழிகாட்ட மறுக்குற பேராசிரியரை யாரும் கவுன்சிலிங்குக்கு அனுப்புறதில்லை.

சரி, இந்த ஆலோசகர்ங்கிறது யாரு? மாணவர்களுக்கே இதுல குழப்பம் இருக்கு. மனநல மருத்துவர்னா எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல மனநல மருத்துவம் படிச்சவர். மாத்திரை எழுதுறது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர்னா 1992-ஆம் வருஷத்து இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி பதிவு செஞ்சிருக்கணும். மனநலச் சமூகப்பணியாளர் நோயாளியோட வீடு, வேலை, ஊரு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர். கடைசியா வர்றவர்தான் கவுன்சிலர். ரொம்ப காலமா இந்தப் பேரை யாரும் வச்சுக்கலாம்ங்கிற நிலைமை. ஆலோசகர்களையும் பதிவேட்டுக்குள்ள கொண்டுவர 2021-ல்தான் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. பல கல்லூரிகள்ல பாடம் நடத்துற வாத்தியார் ஒருத்தருக்கே இந்தப் பொறுப்பையும் மாட்டி விட்டுடறாங்க. காலையில இன்டர்னல் மார்க் போடுற கையிலயே சாயந்திரம் உன் மனசைக் குடுன்னா யார் குடுப்பா?

அதுலயும் எந்தச் சாதி ஆள் உட்கார்ந்திருக்கார்ங்கிற கேள்வி இருக்கு. மும்பை ஐஐடியில் தலைமை ஆலோசகராக இருந்தவரே இடஒதுக்கீட்டுக்கு எதிரான மனுவைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார் என்று அங்குள்ள அம்பேத்கர் பெரியார் பூலே வாசகர் வட்ட மாணவர்கள் புகார் கொடுத்தது செய்தியானது. நீ இங்க இருக்கவே தகுதி இல்லைன்னு நினைக்கிற ஆள்கிட்டப் போயி, 'எனக்குத் தகுதி இல்லையோன்னு பயமா இருக்கு'ன்னு ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? அதுக்காக நம்ம சாதி ஆளை உட்கார வச்சா எல்லாம் தீர்ந்துடும்னும் நான் சொல்ல மாட்டேன். என் கதையைத்தான் முதல்லயே சொன்னேனே. ஆளும் மாறணும், படிப்பும் மாறணும்.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் இதை ரெண்டு வழியில செஞ்சாங்க. 1968-ல் கறுப்பின உளவியலாளர் சங்கம் என்று தனியாகவே தொடங்கினார்கள். அதற்கு முன்பே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் குழந்தைகள் முன் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டு ஆய்வு செய்தார்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பலர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த ஆய்வு அங்கே சாட்சியாக இருந்தது. அவங்க அந்தக் குழந்தைகளுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் குடுத்துட்டுப் போயிருக்கலாம். நீதிமன்றத்துல போய் நின்னாங்க. ஆலோசகர் சாட்சியா நிக்கலாம்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இப்ப நம்ம கையில என்ன இருக்குன்னு பார்ப்போம். இல்லாததைப் பேசியே பழகிட்டோம், இருக்கிறதைத் தெரிஞ்சுக்கணும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு, ஒருவருடைய அரசியல், சமூக நிலையை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. 21-ஆம் பிரிவு, சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று சாதியின் பெயரைச் சொல்லியே சொல்கிறது. 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிர் முயற்சி செய்தவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொள்ள வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. அது பல இடங்களில் காகிதத்தோடு நின்றதால்தான் ரோஹித்தின் தாயும், 2019-ல் மும்பையில் இறந்த பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாயும் சேர்ந்து உச்சநீதிமன்றம் போனார்கள்.

2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இன்னொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 மாணவரோ அதற்கு மேலோ படிக்கிற நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் மாணவரைப் பாகுபாடு இல்லாமல் நடத்தப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவனையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 500-க்கு மேல் மாணவர் உள்ள மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது.

காகிதத்துல இருக்கிறது கல்லூரிக்குள்ள வரணும்னா கேட்கணும். என்ன கேட்கிறது? நான் ஆறு கோரிக்கை வைக்கிறேன். விவாதிச்சுக் கூட்டிக் குறைச்சுக்கோங்க.

ஒண்ணு, ஆலோசகர் பணி நிரந்தரப் பணியா இருக்கணும், இடஒதுக்கீட்டோட. வருஷக் கையெழுத்துக்குப் பயப்படுற ஆலோசகரால நிர்வாகத்துக்கு எதிரா ஒரு வரி எழுத முடியாது. என்னை வச்சே சொல்றேன்.

ரெண்டு, ஆலோசகர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுல இருக்கக் கூடாது. அவர் ரூம் முதல்வர் ரூமுக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது. உள்ள போற பிள்ளையை ஊரே பார்த்தா யார் போவா?

மூணு, முதல் சந்திப்புலயே உதவித்தொகை, விடுதி, மெஸ் பாக்கி, வழிகாட்டி, வகுப்புல ஒதுக்குறது, இதையெல்லாம் கேட்கணும். சாதியை நேரடியா, மரியாதையா கேட்கணும். சொல்லுறதும் சொல்லாததும் மாணவர் விருப்பம்.

நாலு, மாணவர் சம்மதத்தோட ஆலோசகர் கடிதம் எழுதணும். உதவித்தொகை தாமதத்தால ஒருத்தன் சாப்பிடாம இருக்கான்னா அதுக்கு மருந்து உதவித்தொகைதான்.

அஞ்சு, வருஷத்துக்கு ஒரு அறிக்கை. யார் பேரும் இல்லாம, எத்தனை பேர் வந்தாங்க, எதுக்காக வந்தாங்கன்னு கணக்கு வெளிய வரணும். நூறு பேர்ல நாற்பது பேர் ஒரே துறையில இருந்து வந்தா அந்தத் துறைக்குத்தான் நோய்.

ஆறு, பயிற்சி. உளவியல் பாடத்துல சாதி இருக்கணும். சாதியைப் படிக்காம இந்த நாட்டுல மனசைப் படிக்க முடியாது.

மாணவர்களுக்குத் தனியா ரெண்டு வார்த்தை. உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க கேள்வி கேட்கலாம். உங்க படிப்பு என்ன, நான் சொல்றதை யார்கிட்டச் சொல்வீங்க, என் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும்தான் வெளிய சொல்வீங்களா, எழுதி வைக்கிற நோட்டு யார்கிட்ட இருக்கும்னு கேளுங்க. நல்ல ஆலோசகர் கோவிச்சுக்க மாட்டார். ஒருத்தர்கிட்டச் சரிப்படலைன்னா இன்னொருத்தர்கிட்டப் போங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்லை, சாப்பாடில்லை, வாழ்ந்து என்னன்னு நினைப்பு வருதுன்னா மருத்துவரைப் பாருங்க. கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. மாத்திரை குடுத்தா சாப்பிடுங்க. சர்க்கரைக்குச் சாப்பிடுற மாதிரிதான். 14416-ன்னு கட்டணமில்லாத எண், ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழ்ல பேசலாம். நம்ம விடுதிகளுக்கு 2025-ல சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தினாங்க. ஒவ்வொரு விடுதிச் சுவத்துலயும் அந்த எண்ணை எழுதுங்க. பக்கத்துலயே அந்த விடுதி மாணவர் ரெண்டு பேரோட பேரையும் எழுதி வைங்க. நடுராத்திரி தட்டினா கதவைத் திறக்கிற ரெண்டு பேர். அது எந்தச் சட்டத்துலயும் இல்லை, நாமதான் செய்யணும்.

இன்னொண்ணு. சிறைக்காட்டுப் பளியர் பிள்ளைகளும் கொட்டகுடி மலை முதுவர் பிள்ளைகளும் படிக்க இறங்கி வர்றாங்க. அவங்களை நாம எப்படிப் பேசுறோம்னு நம்மளே கேட்டுக்குவோம். நமக்கு நடந்ததை நாம இன்னொருத்தருக்கு நடத்தக் கூடாது.

மூத்த தோழருக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். தோழர், போடியில ஏலக்காயைச் சலிச்சுத் தரம் பிரிக்கிறதை நீங்களும் நானும் சின்னதுல இருந்து பார்க்கிறோம். எட்டு மில்லிமீட்டர் காய் மேல நிக்கும், சின்னக் காய் கீழ விழும். கீழ விழுந்த காய்க்கு நோய்னு எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். மழை தப்பியிருக்கும், தண்ணி பத்தாம இருந்திருக்கும்னு சொல்வான். காய்க்குக் குடுக்கிற அந்த நியாயத்தைப் பிள்ளைக்கும் குடுக்கணும்ங்கிறதுதான் நான் கேட்கிறது. ஸ்காலர்ஷிப் வேணும்ங்கிறீங்க, நூத்துக்கு நூறு சரி. ஆனா அது வர்ற வரைக்கும் அந்தப் பிள்ளை உயிரோட, வகுப்புல இருக்கணுமே. அந்த இடைப்பட்ட மாசங்கள்ல அவன் பக்கத்துல யார் உட்காருவா? அதுதான் என் வேலை. அதை நான் ஒரு தடவை சரியாச் செய்யலை.

அந்தத் தம்பிகிட்ட நான் இப்பவும் பேசிக்கிட்டிருக்கேன். திரும்பச் சேர முடியுமான்னு விண்ணப்பம் எழுதியிருக்கோம், பல்கலைக்கழகப் பதில் வரலை. இந்தத் தடவை விண்ணப்பத்துல படிப்பை விட்ட காரணம்ங்கிற இடத்துல 'உடல்நிலை'ன்னு எழுதலை. நடந்ததை எழுதியிருக்கோம். கையெழுத்து அவன் போட்டான், கீழ சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.